இழுத்துவிட்டால் ஓடும் கார்

மதிப்பிற்குரிய ஐயா,

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இயந்திரப் பொம்மைகளைக் கொண்டு இயற்பியலும் வடிவமைப்பும் கற்பிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். எந்தப் பொம்மைத் தொகுப்பை வாங்குவது? பிரித்துப் போட்டால் பிள்ளைகளுக்குத் திரும்பச் சேர்க்கத் தெரியாதே? சக ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். பாடத்தை முடிக்கவே நேரமில்லை.

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

தொகுப்பே வேண்டாம். படத்தைப் பார்த்துத் திருகாணி முடுக்கும் பிள்ளைக்குப் படம் பார்க்கத்தான் வரும். பிரித்தது சேராவிட்டால் குடி முழுகிவிடாது. சிரிப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: சரிவில் தானாக நடந்திறங்கும் பொம்மைக்கு 1888-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது, மோட்டார் இல்லாமல் அப்படி நடக்கும் கால்களின் இயக்கவியலை டாட் மெகீர் என்ற பொறியாளர் 1990-இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்.

நேரமில்லை என்றீர்களே, அதுதான் எரிச்சலூட்டியது. நான் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுத்த காலத்தில், பற்சக்கரக் கணக்குகளை மளமளவென்று போடும் மாணவன் ஒருவன் இருந்தான். பின்னால் இழுத்துவிட்டால் முன்னால் ஓடும் பொம்மைக் காரை அவனிடம் கொடுத்தேன். ஒரு சாண் இழுத்தால் அறையின் மறுகோடிவரை ஓடுகிறதே, அந்த அதிகத் தூரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "சுருள்வில் பெருக்கித் தருகிறது" என்றான். அவனைத் திட்ட மனம் வரவில்லை. அவனுக்கு எட்டாம் வகுப்பு எடுத்தவரைத்தான் மனதுக்குள் திட்டினேன்.

வில் எதையும் பெருக்குவதில்லை. இழுக்கும்போது கை திணறுகிறதல்லவா? பெரிய விசை, சிறிய தூரம். விட்டதும் உள்ளே ஒரு பற்சக்கரம் நகர்ந்து வேறு விகிதத்தில் பற்றிக்கொள்கிறது. வில் அவிழும்போது சக்கரங்கள், முறுக்கியபோது சுற்றியதைவிடப் பல மடங்கு சுற்றுகின்றன. தள்ளும் விசையோ அதே அளவுக்கு இளைத்துவிடுகிறது. வில் தீர்ந்த பிறகும் உருள்வது சேர்த்த வேகத்தின் மிச்சம். உராய்வு தன் பங்கைப் பிடித்துக்கொள்வதால், கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் திரும்பி வருகிறது. நம்பாத பிள்ளை காரை விடும்போது முன்னால் ஒரு விரலை வைத்துத் தடுக்கட்டும். கை திணறிய இடத்தில் விரல் போதும்.

பிறகு, இதே கார் சரிவில் ஏற வேண்டும் என்று கேளுங்கள். விகிதத்தை மாற்றினால் விசை கூடும், தூரம் குறையும். வலுவான வில்லைப் போட்டால் இழுக்கும்போதே சக்கரம் வழுக்கும். எடையைக் கூட்டினால் பிடிப்பு வரும். ஆனால் மேலே ஏற்ற வேண்டியதும் அந்த எடையைத்தான். இந்தச் சிக்கலில் பிள்ளைகளை ஒரு வாரம் விட்டுவையுங்கள். அதற்குள் பலகையில் சூத்திரம் எழுதினீர்கள் என்றால் உங்கள் அடுத்த கடிதத்துக்குப் பதில் கிடையாது.