படங்கு கட்ட முதல் பேசு
லொறிக்காரர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கூலிப் பேச்சுத்தான். பெரும்போக வெட்டு நெருங்கும்போது வேறென்ன வரும்?

கேள்வி: பத்துத் தொன் லொறியொன்றை லீசிங்கில் எடுத்து ஓடுகிறேன். மில்லில் அரிசி ஏற்றிக் கொழும்பு புறக்கோட்டைக்குப் போவதுதான் பெரும்பாலும். கூலி பேசும்போதெல்லாம் முதலாளி, "திரும்பி வரக்குள்ள லோட் கிடைக்கும்தானே" என்று சொல்லிக் குறைத்துவிடுகிறார். என்ன பதில் சொல்வது?
– வாசகர், வெல்லாவெளி

பதில்: தம்பி, என் காலத்து முதலாளிமாரும் இதே வசனம்தான். அவர் சொல்வது பொய்யில்லை. லோட் கிடைக்கும், சில நாள். கிடைக்காத நாளில் வெறும் லொறியை ஓட்டிக்கொண்டு வாற டீசல் யார் தலையில்? அதனால் போற கூலியை, வெறுமையாகத் திரும்புவதாக நினைத்தே போட வேண்டும். வரும்போது கிடைக்கிறது உங்கள் சாமர்த்தியம். அது அவருடைய கணக்கில் வரக்கூடாது.

இதைத் துணிந்து சொல்ல உங்கள் அடிக்கணக்குக் கையில் இருக்க வேண்டும். ஒரு மாதிரிக்குப் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் வண்டிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று போனால் கொழும்பு கிட்டத்தட்ட 340 கிலோமீற்றர். பாரத்தோடு லீற்றருக்கு 4, வெறுமையாக 5 ஓடுகிற வண்டி என்றால் போக 85 லீற்றர், வர 68. மொத்தம் 153. டீசல் 300 என்று வைத்தால் 45,900 ரூபா. ரயர் ஒரு செட் 4,80,000 என்றும் அது 60,000 கிலோமீற்றர் ஓடும் என்றும் வைத்தால் கிலோமீற்றருக்கு 8 ரூபா தேய்கிறது. போய்வர 5,440. லீசிங் மாதம் ஒரு இலட்சம், மாதத்தில் பத்து ஓட்டம் என்றால் ஓட்டத்துக்கு 10,000. கிளீனரும் சாப்பாடும் 8,000. ஒயில், சில்லறை வேலை, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 5,000. மறுகா, எங்கட ஆட்கள் எழுதாமல் விடுகிற ஒன்று இருக்கிறது: உங்கள் சம்பளம். லொறி சொந்தம் என்பதற்காக ஸ்டியரிங் பிடிக்கிற கை சும்மா பிடிக்க வேண்டுமா? அதற்கு 6,000 போடுங்கள். கூட்டினால் 80,340. பத்தாயிரம் கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 8 ரூபா. இன்னும் இலாபம் வரவில்லை, கைக்காசு போகாமல் நிற்கிற இடம் அவ்வளவுதான். அதற்குக் கீழே யார் பேசினாலும், "சரி முதலாளி, அடுத்த முறை பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போங்கள்.

இனிப் பேச்சு. அவர் ரிட்டர்ன் கதையை எடுத்தவுடன், "சரி, அந்த லோட்டை நீங்களே பிடிச்சுத் தாங்க, அதுக்குத் தக்கனக் குறைக்கிறன்" என்று சொல்லிப் பாருங்கள். அநேகமானவர்கள் அத்தோடு அந்தக் கதையை விட்டுவிடுவார்கள். உண்மையாகவே பிடித்துத் தருகிறவர் என்றால் குறைக்கலாம், நட்டமில்லை.

புறக்கோட்டையில் புரோக்கரை நம்பி நிற்பதில் எனக்கு விருப்பமில்லை. ஒரு நாள் நின்றாலே சாப்பாடும் கிளீனர் காசும் போகும், ஊரில் அடுத்த ஓட்டமும் கை நழுவும். அதைவிடக் கல்முனை, காத்தான்குடிக் கடைக்காரரோடு பழகி வையுங்கள். அவர்களுக்குக் கொழும்புச் சாமான் எப்படியும் வந்துகொண்டே இருக்கும். போகுமுன் ஒரு கோல் எடுத்து, "நாளைக்குப் புறக்கோட்டையில நிப்பன், ஏத்த ஏதும் கிடக்கா நானா?" என்று கேட்டால் பாதிநாள் ஏதாவது மாட்டும். திருகோணமலைக்கு ஓட்டம் கிடைத்தால் இன்னும் நல்லது. சீமெந்துத் தொழிற்சாலையும் மா ஆலையும் அங்கே இருப்பதால் வெறுமையாகத் திரும்புவது குறைவு. தம்புள்ளையில் மரக்கறி உண்டு. ஆனால் அது அழுகுகிற சாமான், நேரத்துக்கு வந்து சேர முடியுமா என்று பார்த்தே ஏற்ற வேண்டும்.

இன்னொன்று, கூலியை மூடைக்குப் பேசாதீர்கள், கிலோவுக்குப் பேசுங்கள். குறிப்பாக நெல்லுக்கு. ஒருவர் மூடை 62 கிலோவில் நிற்கும், இன்னொருவர் மூடை 70க்குப் போகும். வண்டிக்குப் பாரம்தான் தெரியும், எண்ணிக்கை தெரியாது. எண்ணிக்கை வேண்டுவது வேறொன்றுக்கு. ஏற்றி முடிந்ததும் மில் கணக்கப்பிள்ளையிடம் இத்தனை மூடை என்று கையெழுத்து வாங்கி, அதன் பிறகு மூடைகளை மூடுகிற படங்கைக் கட்டுங்கள். இறக்குகிற இடத்தில் மூடை தூக்குகிற நாட்டாமைமார் கொக்கியால் குத்தி இழுக்க மூடை கிழிந்து அரிசி கொட்டும். அந்தக் குறையை உங்கள் கூலியில் கழிக்கப் பார்ப்பார்கள். கிழிந்த சாக்கை அந்த இடத்திலேயே படம் எடுத்து முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வீட்டுக்கு வந்து சொன்னால் அது கதை.

மாரி காலமென்றால் இன்னொன்றும் முன்கூட்டிப் பேச வேண்டும். மகாவலி பெருகி மன்னம்பிட்டிப் பக்கம் தண்ணி ரோட்டுக்கு ஏறினால் மகியங்கனைப் பக்கத்தால் சுற்ற வேண்டிவரும். சுற்றுகிற டீசல் யாருடையது? வெயில் நாளில் கேட்டால் முதலாளி சிரித்துக்கொண்டே "நான் தாறன்" என்பார். தண்ணிக்குள் நின்று கேட்டால் போன் எடுக்க மாட்டார்.

கேள்வி: கணவர் லொறி ஓடுகிறார். முதலாளிமார் செக் தருகிறார்கள், அதுவும் ஒரு மாதம் தள்ளித் திகதி போட்டு. லீசிங்காரன் மட்டும் திகதி பிந்த விடுகிறானில்லை. கேட்டால் இவர், "அவர் பழக்கமான ஆள்" என்கிறார்.
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: தங்கச்சி, பழக்கமான ஆள் என்றால் டீசல் காசைக் கையில் தருவதற்கும் பழகலாம்தானே. ஏற்றும்போதே டீசலும் வழிச்செலவும் காசாக வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பே கூடாது. இல்லாவிட்டால் அவர் அரிசியை உங்கள் காசில் கொழும்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்றுதான் அர்த்தம். மிச்சத்துக்குச் செக் எடுக்கலாம், ஆனால் லீசிங் கட்டுகிற திகதிக்கு முந்தின திகதி போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒரு மாதம் தள்ளித்தான் தருவேன் என்கிறவருக்குக் கூலி கூட. அதைக் கணவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஒரு கொப்பியில் யார், எந்தத் திகதி, எவ்வளவு, செக் நம்பர் என்று நீங்களே எழுதி வையுங்கள். கணவருக்கு முகத்தாட்சண்யம் கூடப்போல. "வீட்டில கணக்குக் கேக்கிறாங்க முதலாளி" என்று உங்கள் மேல் பழியைப் போட்டுக் காசு கேட்கட்டும். வேலை செய்யும்.

கேள்வி: ஹாட்வெயார் கடையொன்று வருஷம் முழுக்க ஒரே கூலிக்கு ஓட்டம் தருவதாகச் சொல்கிறது. நிரந்தர வேலை. ஒத்துக்கொள்ளலாமா?
– வாசகர், கல்முனை

பதில்: வேலைக்கு ஒத்துக்கொள்ளுங்கள், ஒரே கூலிக்கு வேண்டாம். 2022 தை மாதத்தில் லீற்றர் 121 ரூபாவுக்கு டீசல் அடித்தவர்கள் அதே வருஷம் ஆனிக் கடைசியில் 460க்கு, அதுவும் நாள்கணக்கில் வரிசையில் நின்று அடித்தார்கள். ஒரே கூலிக்கு வாக்குக் கொடுத்திருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். இன்றைய டீசல் விலையை ஒப்பந்தத் தாளிலேயே எழுதி, அது 10 ரூபா கூடினால் கூலி இவ்வளவு கூடும், 10 ரூபா குறைந்தால் அதேயளவு குறையும் என்று போடுங்கள். மேலே சொன்ன கொழும்பு ஓட்டத்துக்கு 153 லீற்றர் என்றபடியால் பத்து ரூபாவுக்கு 1,530. குறையும்போது நீங்களாகக் குறைத்துக் காட்டினால் கூடும்போது கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

கேள்வி: வெட்டு நேரத்தில் லொறிக்குத் தட்டுப்பாடு. கூலியைக் கூட்டிக் கேட்பது நியாயமா?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: வயலில் நெல் நனையப் போகுது என்று அழுகிற சின்ன விவசாயியிடம் கூட்டிக் கேட்பது எனக்குப் பிடிக்காது. மற்றவர்களிடம் கேளுங்கள். ஆறு மாதம் வண்டி சும்மா கிடந்தபோது யாரும் வந்து லீசிங் கட்டவில்லையே. வருஷம் முழுக்க ஓட்டம் தருகிற ஹாஜியாருக்கு மட்டும் பழைய கூலியிலேயே, முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.

கேள்வி: மணல் ஏற்றினால் இரண்டு மடங்கு தருவதாக ஒருவர் கூப்பிடுகிறார். போகலாமா?
– வாசகர், கிரான்

பதில்: கொண்டுபோகிற பெர்மிட்டை உங்கள் கண்ணால் பார்க்காமல் வண்டியை இறக்காதீர்கள். திகதி, லொறி நம்பர், எங்கிருந்து எங்கே என்பது மூன்றும் சரியாக இருக்க வேண்டும். "வழியில தருவாங்க" என்றால் திரும்பி வாருங்கள். பிடிபட்டால் லொறி நீதிமன்றத்தில் நிற்கும், மணல்காரர் வேறு லொறி தேடிப் போவார்.

கேள்வி: பேசின பாரம் ஏற்றின பிறகு, "இன்னும் பத்து மூடைதானே, போடுகா" என்கிறார்கள். மறுத்தால் கோபம்.
– வாசகர், செங்கலடி

பதில்: பொலிஸ் மறித்தால் லைசன்ஸை நீட்டுவது நீங்கள். பத்து மூடைக்காரர் அந்நேரம் வீட்டில் நித்திரை. பதிவுப் புத்தகத்தில் வண்டிக்கு எவ்வளவு பாரம் என்று இருக்கிறதோ அதைக் காட்டி, "இதுக்கு மேல ஏத்தினா இன்சூரன்ஸும் கைவிட்டிரும் முதலாளி" என்று சொல்லுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும். பத்து மூடையை இறக்கும் மட்டும் படங்கைக் கட்ட வேண்டாம் என்று கிளீனரிடம் சொல்லிவிட்டுப் போய் நிழலில் இருங்கள்.