ருஸ்தம் மூத்தவர், சைரஸ் இளையவர்: தெஹ்ரானுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, அலுவலகத்தில் காவிய வீரன் ருஸ்தமையும் பாரசீகப் பேரரசை நிறுவிய மன்னர் சைரஸையும் ஒரே மூச்சில் பேசுகிறார்கள், எது கதை எது வரலாறு என்று கேட்டால் முகம் மாறுகிறது, நௌரோஸ் புத்தாண்டுக்குத் தங்கள் வீட்டுக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள், எப்படி நடந்துகொள்வது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அந்த முகம் மாறும் விஷயம். ஈரானியர் வீட்டு நினைவில் ருஸ்தம்தான் மூத்தவர். சைரஸ், அதாவது இவர்கள் சொல்லும் கூரோஷ், பின்னால் வந்து சேர்ந்தவர். ஷிராஸ் பக்கம் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். அங்குள்ள பழைய அரண்மனை நகரம் பெர்சபோலிஸைக் கட்டத் தொடங்கியவர் சைரஸுக்குப் பின் வந்த பேரரசர் முதலாம் தாரியஸ். ஊர் வழங்கும் பெயரோ ‘தக்தே ஜம்ஷீத்’, ஜம்ஷீதின் அரியணை. ஜம்ஷீத் புராண அரசர். (பழைய ஈரானிய மறைநூலான அவெஸ்தாவில் அவர் பெயர் யிமா. நம் எமனும் அவரும் ஒரே வேர்.) பக்கத்தில் தாரியஸ் புதைக்கப்பட்ட பாறைக்கு ‘நக்ஷே ருஸ்தம்’ என்று பெயர். சைரஸின் கல்லறையையே நெடுங்காலம் சுலைமான் நபியின் தாயார் கல்லறை என்றுதான் சொல்லிவந்தார்கள்.

காரணம், கவிஞர் பிர்தௌசி 1010இல் முடித்த மன்னர் காவியம் ஷாநாமா. ருஸ்தம் அதன் பெரிய வீரன். ஏறக்குறைய 50,000 ஈரடிகள். அரபுப் படையெடுப்புக்குப் பிறகும் பாரசீக மொழி தலைநிமிர்ந்து நின்றதற்கு இவர்கள் காட்டும் சாட்சி அது. அதில் சைரஸ் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பெஹிஸ்தூன் போன்ற ஆப்பெழுத்துக் கல்வெட்டுகளைப் படித்த பிறகுதான் சைரஸ், தாரியஸ் காலத்துப் பேரரசு பொது நினைவுக்குள் திரும்பி வந்தது. அதனால் ‘ருஸ்தம் வெறும் கதைதானே’ என்பது இங்கே தாத்தாவை இல்லை என்று சொல்வது போல.

சைரஸ் பேச்சில்தான் கவனம் வேண்டும், அதில் அரசியல் ஏறியிருக்கிறது. 1971இல் அன்றைய மன்னர் ஷா பெர்சபோலிஸில் பாரசீகப் பேரரசின் 2,500 ஆண்டு விழா எடுத்தார். 1976இல் நாட்காட்டியையே சைரஸிலிருந்து எண்ணவைத்து, ஈரானிய 1355ஆம் ஆண்டை ஒரே அடியாக 2535 ஆக்கினார். இரண்டே ஆண்டில் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இன்று அக்டோபர் 29 வாக்கில், சைரஸ் நாள் என்று, அவர் கல்லறை இருக்கும் பசர்காதேயில் மக்கள் கூடுவதை அரசு விரும்புவதில்லை. புதிதாக வந்தவர் அதைப் பற்றி அலுவலகத்தில் கருத்துச் சொல்லாமல் இருப்பது நல்லது. ருஸ்தமைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள், தேநீர் ஆறும்வரை சொல்வார்கள்.

இவர்களை அரபியர் என்று சொல்லிவிடாதீர்கள். வளைகுடாவைச் சொன்னால் ‘பாரசீக’ என்ற சொல்லை விடாதீர்கள். ஈரானியர் எல்லோரும் பாரசீகர் என்றும் எண்ண வேண்டாம். அஸெரி, குர்து, பலூச் எல்லோரும் இருக்கிறார்கள். ஷாநாமாவில் வரும் கொல்லன் காவே எங்களவன் என்று குர்துகள் உரிமை கொண்டாடுவார்கள். ‘நீங்கள் முஸ்லிமா, பழைய பாரசீகமா’ என்ற கேள்வியும் வேண்டாம். நௌரோஸ் விரிப்பில் குர்ஆனும் கவிஞர் ஹாபிஸின் நூலும் அருகருகே இருக்கும்.

நௌரோஸுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள்: ‘சொன்போல்’ (ஹையசின்த்) பூத்தொட்டி, இல்லாவிட்டால் ஒரு கிலோ ‘ஷிரீனி’ (இனிப்பு). உங்கள் வீட்டிலும் ஹஃப்த்சீன் (‘ஸீன்’ எழுத்தில் தொடங்கும் ஏழு பொருள்களின் விரிப்பு) வைத்தால் மனம் குளிர்வார்கள். ஏழு ‘ஸீன்’ பொருள்களில் ஆறை வாங்கிவிடலாம். ஸப்ஸே என்ற பசுந்தளிரை மட்டும் வளர்க்க வேண்டும். நம் முளைப்பாரிதான், மண் கிடையாது. மார்ச் 8 வாக்கில் ஒரு டம்ளர் கோதுமையை ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, ஈரத்துணியில் இரண்டு நாள் கட்டிவையுங்கள். வெள்ளை முனை தெரிந்ததும் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஈரத்துணி மூடி, காலை மாலை தெளியுங்கள். தளிர் துணியைத் தள்ளும்போது துணியை எடுத்துவிடலாம். அடியில் தண்ணீர் தேங்கினால் அழுகி நாறும். ஹீட்டர் அருகே வைத்தால் நுனி கருகும். நௌரோஸின் பதின்மூன்றாம் நாளான ஸீஸ்தே பெதர் அன்று ஓடும் நீரில் விட்டுவிடுங்கள். அன்று அடுத்தவர் ஸப்ஸேயைத் தொடாதீர்கள், அவர்கள் பீடை நம்மிடம் வரும் என்பார்கள்.