கேமரா இருக்கும்போது நீதிமன்றத்துக்கு ஓவியர் எதற்கு?

கைப்பேசியிலேயே தெளிவாகப் படம் எடுக்க முடிகிற காலத்தில், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இன்னும் ஏன் ஓவியரை வைத்து வழக்குகளை வரைகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் காரணம் சட்டம். அமெரிக்காவில் புகழ்பெற்ற விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தையைக் கடத்திய வழக்கு 1935-இல் நடந்தபோது படக்காரர்களின் அமளி எல்லை மீறிப் போனது. அதற்குப் பிறகு அங்குள்ள வழக்கறிஞர் சங்கமே கேமராவை எதிர்த்தது. 1946 முதல் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் குற்ற விசாரணையில் படம் எடுக்க விதியே தடை போடுகிறது. பிரிட்டனின் 1925-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையானது. அங்கே நீதிமன்றத்துக்குள் வரைவதும் குற்றம். ஓவியர் உட்கார்ந்து பார்ப்பார், குறிப்பு எடுத்துக்கொள்வார், வெளியே வந்து நினைவிலிருந்து வரைவார்.

ஆனால் சட்டம் நாளைக்கே மாறினாலும் ஓவியர் வேண்டும் என்றுதான் சொல்வேன். கோயம்புத்தூரில் பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்து வருகிறேன். நீதிமன்றச் செய்தி என்றால் எங்களுக்குக் கிடைப்பது வளாகத்து வாசல் மட்டும்தான். போலீஸ் வேன் வந்து நிற்கும். தலையில் துண்டைப் போட்டு மூடிய ஒருவரைக் கையைப் பிடித்து இறக்குவார்கள். ஒரு துண்டு, நான்கு காக்கிச் சட்டை: மறுநாள் பேப்பரில் அதுதான் வரும். தீர்ப்புக்கு முன்பே அவர் குற்றவாளி என்று வாசகர் முடிவு கட்டிவிடுகிறார். அந்தப் படத்தில் வழக்கு எங்கே இருக்கிறது?

கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பங்காளிகள் வெட்டிக்கொண்ட வழக்கு ஒன்றைக் கேமராவை வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். டவாலி பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு தரப்புக்கும் அத்தை முறையான ஒரு வயதான அம்மா சாட்சிக் கூண்டில் ஏறினார். குறுக்கு விசாரணை முழுக்க, கேள்வி கேட்ட வக்கீலை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. எதிரே நின்ற அண்ணன் மகனைப் பார்த்தபடியேதான் பதில் சொன்னார். முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அவரையே கவனித்தார். கேமராவுக்கு அதில் ஏதோ ஒரு நொடிதான் அகப்பட்டிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தையும் ஒரே தாளில் கொண்டுவர ஓவியரால் முடியும்.

ஓவியத்திலும் குறை உண்டு. 2015-இல் மன்ஹாட்டன் நீதிமன்றத்தில் அமெரிக்கக் கால்பந்து வீரர் டாம் பிரேடியை நீதிமன்ற ஓவியர் ஜேன் ரோசன்பெர்க் வரைந்தபோது முக ஜாடை சரியாக வரவில்லை என்று ஊரே சிரித்தது. ஜாடை வேண்டுமென்றால் கேமராவை விஞ்ச ஆள் கிடையாது. என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமென்றால் எனக்கு ஓவியம் வேண்டும். 1922 மார்ச் 18 அன்று அகமதாபாத்தில் காந்தி மீது நடந்த ராஜத்துரோக வழக்கை இன்று நம் கண்முன் நிறுத்துவது ரவிசங்கர் ராவல் வரைந்த ஓவியம்தான்.

நேரலை வந்துவிட்டதே என்பீர்கள். உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை ஏற்றது, 2022 செப்டம்பரில் அரசியல் சாசன அமர்வுகளை ஒளிபரப்பத் தொடங்கியது. அங்கே பேசுகிறவர்கள் வழக்கறிஞர்கள். சாட்சிகள் கூண்டில் ஏறுகிற கீழமை நீதிமன்றத்தில் கேமராவை வைத்தால், அந்த அம்மாவின் முகம் சாயங்காலத்துக்குள் ஊர் வாட்ஸ்அப் குழு எல்லாவற்றிலும் சுற்றும். அடுத்த சாட்சி வாயைத் திறப்பாரா? அமெரிக்க ஓவியர்கள், வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்களான ஜூரிகளை அடையாளம் தெரியாதபடி வரைவதுண்டு. முகத்தை விட்டுவிட்டு விரலில் சுற்றிய முந்தானையை மட்டும் வரையலாம், அதுவே போதும்.

ஈரோட்டிலும் கோவையிலும் நீதிபதியின் அனுமதியோடு ஓர் ஓவியருக்குப் பின்வரிசையில் இடம் கொடுத்தால், படக்காரனான நானே முதல் ஆளாக வரவேற்பேன். பாலியல் குற்ற வழக்குகள் மட்டும் விதிவிலக்கு. அவை மூடிய அறையில் நடப்பவை. அங்கே ஓவியரும் போகக் கூடாது.