திபெத்திய மடங்களில் ஊதும் அந்த நீளக் கொம்பை வார்த்துச் செய்கிறார்களா, தகட்டில் அடிக்கிறார்களா? கடையில் வாங்கினால் ஊத முடியுமா?

வார்ப்பு கிடையாது, முழுக்கத் தகட்டு வேலைதான். துங்சென் என்பது அதன் பெயர். செம்பிலோ பித்தளையிலோ செய்வார்கள், இரண்டும் கலந்தும் இருக்கும். நீளம் மூன்று மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. தகட்டை ஒரு முனை குறுகி மறுமுனை அகலும்படி வெட்டி, இரும்பு உருளைமேல் வளைத்துத் தட்டி, விளிம்புகளைச் சேர்த்துப் பற்றவைப்பார்கள். தட்டத் தட்டச் செம்பு இறுகும் என்பதால் நடுநடுவே நெருப்பில் பழுக்கக் காய்ச்சி இளக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வெடிப்பு விட்டுவிடும்.

ஆனால் வேலைக்காரரின் கை தெரிவது மூட்டில்தான். பெரும்பாலும் மூன்று குழல்கள், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். வெளியே இழுத்தால் உள்குழலின் அகன்ற முனை வெளிக்குழலின் குறுகிய வாயில் போய்க் கவ்வி நிற்க வேண்டும், திருகு எதுவும் இல்லை. அங்கே கொஞ்சம் காற்று கசிந்தாலும் நாதம் போச்சு. மூட்டுகளில் குமிழ் குமிழாக வளையங்கள் இருக்குமே, அலங்காரம்தான், ஆனால் மெல்லிய தகடு நசுங்காமல் காப்பதும் அவைதான். விலை உயர்ந்தவற்றில் வெள்ளித் தகட்டைப் பின்பக்கமிருந்து தட்டிப் புடைக்க வைத்து நாகமும் தாமரையும் எடுத்திருப்பார்கள். நேபாளத்தில் பாடன் நகரத்து நேவார் கைவினைஞர்கள் திபெத்திய மடங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக உலோக வேலை செய்து கொடுக்கிறவர்கள்.

1042-இல் மேற்குத் திபெத்தின் குகே நாட்டுக்கு வந்த வங்காளத்துப் பௌத்த குரு அதீசரை வரவேற்கத்தான் இதை முதலில் செய்தார்கள் என்று ஒரு மரபுக் கதை உண்டு. அது எப்படியோ, இத்தனை நீளம் வைப்பது அடித்தொண்டையில் உறுமுகிற அந்தக் கீழ்ச்சுருதிக்காகத்தான். ராகம் வாசிக்க இதில் வழியில்லை, இரண்டு மூன்று சுரங்கள் வந்தாலே அதிகம். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே விடாமல் ஊதுவார்கள், அதுவும் ஜோடியாக.

சரி, வாங்கும் விஷயம். சுற்றுலாக் கடைகளில் கலர் கல் பதித்துத் தொங்குபவை அநேகமாகச் சுவரில் மாட்டத்தான் லாயக்கு. முழுதாக இழுத்து, ஒரு முனையை மட்டும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். மூட்டு ஆடினால் வேண்டாம். ஊதத்தான் வாங்குகிறீர்கள் என்றால் கர்நாடகத்தில் கூர்க் போகிற வழியில் இருக்கும் திபெத்தியர் குடியிருப்பான பைலகுப்பேயின் மடங்களில் ஊதுகிற துறவி யாரையாவது கேளுங்கள், எங்கே செய்யச் சொல்லலாம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.