முடிச்சு விழாத நூல்

அன்புள்ள சார்,

எனக்கு 43 வயது. பிளஸ் டூ முடித்து 25 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் அதே கனவு வருகிறது. இயற்பியல் தேர்வு. எழுதி முடித்துவிட்டேன். கடைசி மணி அடித்துவிட்டது. அடிஷனல் ஷீட்டுகளை நூல் போட்டுக் கட்டுகிறேன், முடிச்சு விழவே மாட்டேன் என்கிறது. வியர்த்துப்போய் எழுந்துவிடுகிறேன். இத்தனைக்கும் அந்தத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். கடைசியாகப் போன மாதம், அம்மாவின் ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி வந்தது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று மனைவி பயப்படுகிறாள். மூளை தள்ளிவிடும் குப்பைதான் கனவு என்கிறான் நண்பன். யார் சொல்வது சரி?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

முதலில் உங்கள் மனைவியின் பயம். தூக்கத்தில் மூடிய இமைக்குள் கண் வேகமாக உருளும் நேரம் ஒன்று உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953இல் அதைப் பற்றி எழுதினார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. சுமார் 90 நிமிஷத்துக்கு ஒருமுறை வரும் அந்த நேரம், விடியல் நெருங்க நெருங்க நீள்கிறது. அதிலிருந்து நேராகக் கண்விழிப்பதால் விடியற்காலைக் கனவு நினைவில் தங்குகிறது. அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் நண்பர் சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது. மூளைத்தண்டிலிருந்து தாறுமாறாகக் கிளம்பும் துடிப்புகளை மேல்மூளை எப்படியாவது ஒரு கதையாகக் கோத்துக்கொள்கிறது, அதுவே கனவு என்று 1977இல் ஹார்வர்டின் ஹாப்சனும் மெக்கார்லியும் சொன்னார்கள். ஆனால் எனக்கு ஒரு கேள்வி. துடிப்பு தாறுமாறானது என்றே வைத்துக்கொள்வோம், அது ஏன் இத்தனை வருஷமாக அதே நூலையும் அதே முடிச்சையும் எடுத்துக்கொண்டு வருகிறது? கோக்கும் கை உங்களுடையது அல்லவா? கனவுக்கு அர்த்தமே இல்லை என்று ஹாப்சனும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஃபிராய்டிடம் போகலாம். எல்லாக் கனவும் மாறுவேஷம் போட்ட ஆசை என்ற அவருடைய கொள்கையை நான் ஏற்கவில்லை. ஆனால் தேர்வுக் கனவைப் பற்றி அவர் எழுதியது அபாரமானது. தோற்ற தேர்வு கனவில் வருவதில்லை, பாஸான தேர்வுதான் வருகிறது என்கிறார். அவரே சட்ட மருத்துவத்தில் தோற்றவர். அது ஒருநாளும் அவர் கனவில் வரவில்லை. பயந்துகொண்டே எழுதித் தப்பித்த தாவரவியலும் விலங்கியலும் வேதியியலும்தான் வந்தன. மறுநாள் ஒரு பொறுப்பு காத்திருக்கும்போது இந்தக் கனவு வரும் என்றும், 'அன்றைக்கும் இப்படித்தானே பயந்தாய், என்ன கெட்டுப்போயிற்று?' என்று மனம் தன்னையே தேற்றிக்கொள்கிறது என்றும் அவர் நினைத்தார்.

கனவு என்பது ஆபத்துக்கான ஒத்திகை என்பது பின்லாந்தின் ரெவோன்சுவோ 2000இல் சொன்னது. அதற்குப் பொருத்தமாக, 2014இல் பாரிஸில் இசபெல் அர்னுல்ஃப் குழுவினர் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதிய 700க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டார்கள். சுமார் 60 சதவீதம் பேருக்கு முந்தின ராத்திரியே தேர்வு கனவில் வந்திருந்தது. பெரும்பாலும் தாமதமாகப் போவது, விடை மறந்துபோவது. அந்தப் பருவத்தில் தேர்வைப் பற்றி அடிக்கடி கனவு கண்டவர்களே கூடுதல் மதிப்பெண் வாங்கியிருந்தார்கள்.

என் அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் கழித்தும், கலெக்‌ஷன் இடிக்கிறது என்று தூக்கத்தில் விரல் விட்டு எண்ணுவார். அக்கா கல்யாணத்துக்கு முந்தின வாரம் முழுக்க அப்படித்தான் இருந்தார். அவர் எண்ணியது டிக்கெட் காசை இல்லை என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அதனால் கனவில் என்ன வந்தது என்பதோடு, எந்த ராத்திரி வந்தது என்பதையும் பாருங்கள். தேதியைக் குறித்து வையுங்கள். உங்கள் கனவில் விடை எதுவும் மறக்கவில்லை, எல்லாம் எழுதியாயிற்று. தாள் கையைவிட்டுப் போவதற்கு முன் செய்யும் கடைசி வேலையில்தான் விரல் தடுமாறுகிறது. மறுநாள் காலை அம்மாவை ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே நிற்கப்போகிற மகனுக்கு வேறென்ன கனவு வரும்?

அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அவசியம் எழுதுங்கள்.