பூட்டிய கதவு

கேள்வி: பெயர் கெட்டுவிடும் என்ற அச்சமே நிறுவனங்களை ஒழுங்காக நடக்க வைக்காதா? இத்தனை சட்டங்கள் எதற்கு?

பதில்: அந்த அச்சம் மட்டும் போதாது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தபோது, துணி திருடுபோகாமலிருக்க ஒன்பதாம் தளத்துப் படிக்கட்டுக் கதவு ஒன்று பூட்டப்பட்டிருந்தது. இறந்தவர்கள் 146 பேர், பெரும்பாலோர் இளம்பெண்கள். வேதனை என்னவென்றால், வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது என்று மாநிலச் சட்டம் அப்போதே கூறியிருந்தது. ஆகவே, சட்டத்தோடு, முன்னறிவிப்பின்றி வந்து கதவைத் திறந்து பார்க்கும் ஆய்வாளரும் தேவை என்று அழுத்திச் சொல்வேன். அந்த விபத்துக்குப் பிறகே அம்மாநிலம் தீப்பாதுகாப்பு விதிகளையும் ஆய்வுகளையும் வலுப்படுத்தியது.

நுகர்வோருக்கும் இது பொருந்தும். அடைத்த புட்டிக்குள் இருப்பதை வாங்குபவரால் சோதிக்க முடியாதே! சுற்றுச்சூழலிலோ, பாதிக்கப்படுபவர் பெரும்பாலும் அந்நிறுவனத்தின் வாடிக்கையாளரே அல்லர். ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நஞ்சால் நேர்ந்த நோய் 1956-இல் அறியப்பட்ட பின்னரும், 1968 வரை ஆலைக் கழிவு கடலில் கலந்தது. மீனுண்டு வாழ்ந்த குடும்பங்களே அதற்கு விலை கொடுத்தன.