8,000 லூமென் விளக்கை நம்பி இரவில் இறங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. கோவை துடியலூரில் இருக்கிறேன். எங்கள் பகுதி சைக்கிள் கிளப்பில் சனிக்கிழமை இரவு 7 மணி முதல் 10 மணி வரை மண் பாதையில் ரைடு போகிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். எம்.டி.பி. (மலைப்பாதை) சைக்கிள் இருக்கிறது, விளக்கு இல்லை. ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு ‘8,000 லூமென்’ விளக்கு கிடைக்கிறது. கடையில் 1,000 லூமென் விளக்குக்கு 6,500 ரூபாய் சொல்கிறார்கள். எதை வாங்குவது? இருட்டில் விழுந்துவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: கடையில் காட்டிய 1,000 லூமென் விளக்கையே வாங்குங்கள். அந்த 8,000 பொய்.

லூமென் என்பது விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு. கணக்கு எளிது. இன்றைய எல்.இ.டி. ஒரு வாட் மின்சாரத்தில் 100 முதல் 150 லூமென் வரை வெளிச்சம் தரும். 8,000 லூமென் வேண்டுமென்றால் 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். அந்த விளக்கோடு வரும் பேட்டரிப் பையைப் பிரித்தால் பெரும்பாலும் ‘18650’ என்ற செல் இரண்டு இருக்கும். நல்ல கம்பெனிச் செல்லே ஒன்று சுமார் 12 வாட்-மணிதான் தாங்கும், அதாவது 12 வாட்டை ஒரு மணி நேரம் தரும். இரண்டும் சேர்ந்தால் 25. அதாவது அரை மணி நேரத்துக்குள் அணைந்துபோக வேண்டும். பெட்டியிலோ ‘6 மணி நேரம்’ என்று போட்டிருக்கும். செல்லின் மேல் 9,900 எம்.ஏ.எச். (செல்லின் கொள்ளளவு) என்று அச்சடித்திருந்தால் கையிலும் எடுக்காதீர்கள். அந்த அளவுச் செல்லில் நல்லதே 3,500-ஐ ஒட்டித்தான் வரும். இப்படிப்பட்ட செல்லை இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவது வீட்டுக்கே ஆபத்து.

ஒவ்வொரு கிளப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் ‘மொத்தமாக எடுத்தால் பாதி விலை’ என்று பணம் வசூலிக்கும் ஒருவர் இருப்பார். பில் கிடையாது, வாரன்டி கிடையாது. ஆறு மாதத்தில் விளக்கு செத்துப்போகும்போது அவர் குழுவிலேயே இருக்கமாட்டார். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். சைக்கிளில் பிரதிபலிப்பான் இருக்க வேண்டும் என்று 2020-இல் ஒன்றிய அரசு ஆணை போட்டது, நல்ல காரியம். ஆனால் விளக்குப் பெட்டியில் எழுதும் எண்ணை யார் சரிபார்க்கிறார்கள்? ஒரு விற்பனைத் தளத்தில் நானே புகார் கொடுத்தேன். அடுத்த வாரம் வேறு பெயரில், அதே படத்தோடு, அதே விளக்கு திரும்ப வந்துவிட்டது. இருட்டில் ஒருவன் பள்ளத்தில் விழுந்து கழுத்தை முறித்துக்கொண்டால்தான் இவர்கள் கண் திறப்பார்களா?

சரி, விழும் பயத்துக்கு வருவோம். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும்போது ஒரு விநாடிக்கு ஐந்தரை மீட்டர் கடக்கிறீர்கள். பள்ளத்தைப் பார்த்து, பிரேக் பிடித்து, செம்மண்ணில் வழுக்காமல் நிற்கப் பத்து மீட்டராவது வேண்டும். உண்மையான 1,000 லூமென் ஹேண்டில்பாரில் இருந்தால் அதற்குத் தாராளமாகப் போதும். ஆனால் ஹேண்டில்பார் விளக்கு வண்டி திரும்பிய பிறகுதான் திரும்பும். வளைவில் உங்களுக்கு வேண்டியது அதற்கு முன்பே தெரிய வேண்டும். அதனால் ஹெல்மெட்டில் சின்னதாக இன்னொன்று, 400 லூமென் போதும், மாட்டிக்கொள்ளுங்கள். ஒன்று அணைந்தாலும் இன்னொன்று வீடு சேர்க்கும். கூட்டமாக நின்று பேசும்போது ஹெல்மெட் விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள், எதிரில் நிற்பவர் கண் கூசும்.

இந்த ஹெல்மெட் விளக்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, புதிதாக வருபவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். மாசி, பங்குனியில் நம் இட்டேரிகளில் (தோட்டங்களுக்கு நடுவே போகும் மண் தடங்களில்) முன்னால் நான்கு பேர் போனாலே புழுதி எழும்பி அப்படியே நிற்கும். ஹெல்மெட் விளக்கு கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதன் ஒளி புழுதியில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்பிவரும். எதிரில் வெள்ளைச் சுவர் எழுந்த மாதிரி இருக்கும், பாதை மறைந்துவிடும். உடனே எல்லோரும் செய்வது, வெளிச்சத்தைக் கூட்டுவது. கூட்டினால் சுவர் இன்னும் வெளுக்கும். மேல் விளக்கை அணைத்துவிட்டு, கீழ் விளக்கையும் குறைத்து, முன்னால் போகிறவரிடமிருந்து விலகி வாருங்கள். மார்கழிப் பனிக்கும் தூறலுக்கும் இதுவேதான். சாதாரண நாளிலும் நான்கு வண்டி நீளம் இடைவெளி விடுங்கள். நெருங்கினால் உங்கள் வெளிச்சம் முன்னால் போகிறவரின் நிழலை அவர் பாதையிலேயே போட்டுவிடும்.

எங்கே போகிறார்கள் என்பதையும் கேளுங்கள். தடாகம் பக்கம் செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழிகள் செங்குத்தாக இறங்கும். பகலில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காத பாதையில் இரவில் போகவே கூடாது. அடிவாரத்து ஊர்களில் பொழுது சாய்ந்ததும் யானை தோட்டத்துக்கு இறங்கும். சைக்கிள் சத்தமில்லாமல் போவதால் நீங்கள் வருவது யானைக்குத் தெரியாது, அதுதான் ஆபத்து. காட்டோரத்தை விட்டு, ஊர்களுக்கு நடுவே ஓடும் இட்டேரியாகவும் குளத்துக் கரையாகவும் இருக்கட்டும்.

‘காட்டுக்குள் நைட் ரைடு, பர்மிஷன் வாங்கியாச்சு’ என்று தலைக்கு இவ்வளவு என வசூலிக்கிறவர் வந்தால், அந்த அனுமதித் தாளைக் காட்டச் சொல்லுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் தீ பரவிப் பல உயிர்கள் போன பிறகு விதிகள் இன்னும் இறுகின. 2024-இல் அரசு இணைய முன்பதிவோடு திறந்த 40 பாதைகளும் பகலில் நடப்பவர்களுக்கானவை. வனத்துறை பிடித்தால் பணம் வாங்கியவர் நழுவிவிடுவார், வழக்கு உங்கள் பெயரில் நிற்கும்.

விளக்கு வாங்கியதும் முழுதாக சார்ஜ் ஏற்றி, ஃபேனுக்கு எதிரே வைத்து, நடுத்தர வெளிச்சத்தில் எரியவிட்டு நேரம் பாருங்கள். ஃபேன் இல்லாவிட்டால் சூடேறித் தானாகவே மங்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்றரை மணி நேரத்துக்கு முன்பே மங்கினால் பில்லோடு கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு, அப்புறம் அந்தச் சனிக்கிழமை ரைடுக்குப் பெயர் கொடுங்கள்.